கார்வையைக் கடையில் விற்பார்களா?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பிள்ளையாண்டான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். சிநேகிதர்கள் நாலு பேராகச் சேர்ந்து ஒரு வாத்திய கோஷ்டி ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் இவன் பங்குக்கு வந்து சேர்ந்தது பேஸ் கிதார். மலிவுச் சரக்காக ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. இப்போது அது போதாதாம். "சத்தம் ரொம்பப் பளபளவென்று இருக்கிறது அம்மா! எனக்கு இருட்டாக, ஆழமாக ஒரு சத்தம் வேண்டும்" என்கிறானாம். கடைக்காரர் ஒரு புது வாத்தியத்தைக் காட்டியிருக்கிறார். விலை, பழையதைப்போல் ஐந்து மடங்கு.

"சத்தத்தில் இருட்டு, வெளிச்சம் என்றெல்லாம் உண்டா? உண்டு என்றால், அதற்காக ஐந்து மடங்கு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா? அடுத்த வருஷம் கல்லூரிக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தில்தான் கை வைக்கவேண்டும்" என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார்.

மிகவும் நியாயமான கேள்வி. பிள்ளைகள் வாத்தியம் கேட்கும் வீடுகள் பல இருப்பதால், இந்த வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிடுவோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடலாம். பையன் பொய் சொல்லவில்லை. சத்தத்தில் இருட்டும் வெளிச்சமும் உண்டு. நம்மவர்களுக்கு இது புதிய சமாசாரமும் அல்ல. கச்சேரி ஆரம்பிக்கும் முன் மிருதங்க வித்துவான் என்ன செய்கிறார்? ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடது பக்கத்துத் தொப்பியின் நடுவில் அப்புகிறார். அதுவரை வெறும் தோலாக 'டப் டப்' என்று இருந்தது, 'கும்' என்று பேச ஆரம்பிக்கிறது. அந்தக் 'கும்'மைத்தான் நாம் கார்வை என்கிறோம். மேல்நாட்டார் அதையே 'இருண்ட நாதம்' என்கிறார்கள்.

இதன் காரணம் எளிது. ஒரு தந்தியை மீட்டினால் ஒரே ஒரு சுரம் மட்டும் கேட்பதில்லை. பேஸ் கிதாரின் பருத்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. அதோடு கூடவே 82, 123, 164 என்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் அதிரும் உபசுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. இந்த உபசுரங்கள் தூக்கலாக இருந்தால் நாதம் பளிச்சென்று இருக்கும். அவை அடங்கி, அடிச்சுரம் ஓங்கி நின்றால் கார்வை. ஆகவே 'இருட்டான நாதம்' என்பது கூடுதலாக எதையோ சேர்த்துப் பெறுவதல்ல. சிலவற்றை அடக்கிப் பெறுவது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கடைக்காரர் சொல்வதில் பாதியை நாமே தரம் பிரித்துவிடலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடுவோம். சாதாரண பேஸ் கிதாருக்கு நான்கு தந்திகள். ஐந்து தந்தி உள்ளதும் கிடைக்கிறது. அந்த ஐந்தாவது தந்தி வினாடிக்குச் சுமார் 31 தடவை அதிரும். "ஆழமான சத்தம் வேண்டுமானால் ஐந்து தந்தி வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால், ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். கீழ் ஸ்தாயிக்கு இறங்குவது வேறு, கார்வை வேறு. மந்தர ஸ்தாயியில் கீச்சென்று பாடுகிறவர்களும் உண்டு. மத்திமத்தில் கார்வையோடு பாடுகிறவர்களும் உண்டு அல்லவா?

* * *

பேஸ் கிதார் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முன்பெல்லாம் மேல்நாட்டு வாத்திய கோஷ்டிகளில் அடிநாதத்துக்கு 'டபிள் பேஸ்' என்ற வாத்தியம்தான். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும்; பெரியப்பா வயலின் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தூக்கிக்கொண்டு போவது பிரம்மப் பிரயத்தனம். மற்ற வாத்தியங்கள் மின்சாரத்தில் முழங்க ஆரம்பித்ததும் இதன் குரல் எடுபடவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் 1930-களிலேயே மின்சார பேஸ் ஒன்றைச் செய்து பார்த்தார், அது பரவவில்லை. 1951-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற வாத்தியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மனுஷர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர்! டபிள் பேஸில் மெட்டுக்கள் கிடையாது. விரல் கொஞ்சம் தவறினாலும் சுருதி தவறும். ஃபெண்டர் வீணையில் இருப்பதுபோல் மெட்டுக்கள் வைத்தார். சுரம் 'துல்லியமாக' விழுந்தது. அதனால்தான் வாத்தியத்துக்கு அந்தப் பெயர்.

நம் சினிமாப் பாட்டுக்களிலும் இந்த வாத்தியம் வெகு நாளாகக் குடித்தனம் செய்கிறது. 1976-ல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமான இளையராஜாவின் பாட்டுக்களைக் கவனித்துக் கேளுங்கள். மேலே பாடகர் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, அடியில் பேஸ் கிதார் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும்.

சரி, கார்வைக்குப் பேர்போனவர் யார் என்று கேட்டால், பேஸ் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனியில் வாசித்தவர். 1960-களில் உலகமெல்லாம் ஒலித்த அந்தக் கம்பெனியின் எண்ணற்ற பாட்டுக்களுக்கு அடித்தளம் போட்டவர். அவர் கையில் இருந்தது 1962-ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன். கடையில் யாரும் வாங்கக்கூடிய வாத்தியம்தான். விசேஷம் எங்கே இருந்தது என்றால், மூன்று இடங்களில்.

ஒன்று, தந்தி. லா பெல்லா என்ற கம்பெனியின் பருமனான தட்டைத் தந்திகளை மாட்டியிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். வியர்வையும் அழுக்கும் ஏறி, வருஷக்கணக்கில் அதே தந்திகள்தான். இரண்டு, குதிரைக்கு அருகே தந்திகளின்மேல் மூடியிருக்கும் தகட்டுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. அது தந்திகளைத் தொட்டுக்கொண்டு உபசுரங்களை விழுங்கிவிடும். மூன்று, விரல். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார்.

இதில் ஒரு வேடிக்கை. வாத்தியத்தில் சத்தத்தின் பளபளப்பைக் குறைக்க 'டோன்' என்று ஒரு குமிழ் உண்டு. இருட்டு வேண்டும் என்கிறவர்கள் அதைத்தான் முதலில் மூடுவார்கள். ஜேமர்சன் அதை முழுக்கத் திறந்தே வைத்திருந்தார்! உலகம் மெச்சிய அந்தக் கார்வை குமிழிலிருந்து வரவில்லை. தந்தி, ஸ்பாஞ்சு, விரல் மூன்றிலிருந்தும் வந்தது.

அடிநாதம் வாசிக்கிறவனை உலகம் லேசில் கவனிப்பதில்லை. 1971 வரை மோடவுன் இசைத்தட்டுக்களில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிடும் வழக்கமே இல்லை. 1983 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா தடபுடலாக நடந்தபோது, ஜேமர்சன் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்களோடு ஜனமாகப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். அதே வருஷம் ஆகஸ்டில், 47-வது வயதில் காலமானார். அவர் பெயர் கௌரவப் பட்டியல்களில் ஏறியதெல்லாம் பிற்பாடுதான். இந்த வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டிய சங்கதி இது.

* * *

இனி, பணம் எங்கே போகவேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் இடம் தந்திக்குத்தான். பேஸ் தந்தி என்பது நடுவில் ஒரு எஃகுக் கம்பி. அதன்மேல் இன்னொரு கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சுற்றிய கம்பி உருண்டையாக இருந்தால் 'ரவுண்ட்வவுண்ட்'. தடவிப் பார்த்தால் கயிறுபோல் வரிவரியாக இருக்கும். நாதம் பளிச்சென்று பியானோ மாதிரி ஒலிக்கும். 1966-ல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பெனியார், 'தி ஹூ' கோஷ்டியின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து இப்படிப்பட்ட தந்திகளைப் பக்குவப்படுத்தினார்கள். அன்றிலிருந்து பளபளப்புக்கு மவுசு வந்துவிட்டது. இன்று கடையில் தொங்கும் பேஸ் கிதார்களில் பெரும்பாலானவை இந்தத் தந்தியோடுதான் வருகின்றன. தஞ்சாவூர்ப் பையனின் வாத்தியமும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

சுற்றியது தட்டையான பட்டையாக இருந்தால் 'ஃபிளாட்வவுண்ட்'. தடவினால் வழவழவென்று இருக்கும். நாதத்தில் பளபளப்பு அடங்கி, உருண்டு திரண்டு வரும். இதன் விலை கூடுதல்தான். ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். மூன்றாவதாக, மேலே நைலான் நாடா சுற்றிய தந்தியும் உண்டு. அதுவும் மிருதுவான, இருண்ட நாதம் தரும். எதை வாங்கினாலும் வாத்தியத்தின் நீளத்துக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்கவேண்டும். தட்டைத் தந்திகளில் பல, கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுக்கும். தண்டிக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது இடம் ஸ்பாஞ்சுக்கு. சிரிக்காதீர்கள்! தம்பூராவில் குதிரையின்மேல், தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி ஜீவன் பிடிக்கிறோம் அல்லவா? அந்த ஒரு சாண் நூல் உபசுரங்களையெல்லாம் தட்டி எழுப்பிவிடுகிறது. ஸ்பாஞ்சு அதற்கு நேர் எதிர். உபசுரங்களைத் தாலாட்டித் தூங்கப் பண்ணுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் கரோல் கே என்று ஒரு பெண்மணி. கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963-ல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமற்போக, அந்த இடத்தில் உட்கார்ந்தார். பிறகு அந்த ஊரிலேயே ஓயாமல் வேலை இருந்த பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். அவர் விரலால் அல்ல, வில்லையால் தட்டி வாசிப்பவர். வில்லை பட்டால் சத்தம் 'டக் டக்' என்று கூர்மையாக வரும். அவரோ குதிரையின் பக்கத்தில் தந்திகளின்மேல் ஒரு கம்பளித் துண்டை வைத்து அந்தக் கூர்மையை வழித்துவிட்டார். சமையலறையில் பாத்திரம் துலக்க வைத்திருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டினால் போதும். கடைக்குப் போகவே வேண்டாம்.

மூன்றாவது, கை. குதிரைக்கு அருகே மீட்டினால் நாதம் கறாராக, கூர்மையாக வரும். தண்டி முடியும் இடத்துக்கு அருகே மீட்டினால் திரண்டு வரும். நகம் படாமல், விரலின் சதைப்பற்று பட மீட்டினால் இன்னும் மிருது. இதற்குக் காசில்லை, பழக்கம்தான் செலவு.

இந்த மூன்றுக்கும் பிறகுதான் வாத்தியத்தின் ஜாதகம். அதிலும் முதலில் பார்க்கவேண்டியது 'பிக்கப்'. காந்தத்தைச் சுற்றிக் கம்பிச் சுருளை வைத்துத் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி அது. குதிரையை ஒட்டி இருந்தால் பளிச்சென்ற நாதம். தண்டியை ஒட்டி இருந்தால் இருண்ட நாதம். அடுத்தது நீளம். ஃபெண்டர் வகையில் குதிரையிலிருந்து தலைவரை தந்தியின் பேசும் நீளம் 34 அங்குலம். 30 அங்குலக் குட்டை வகையும் உண்டு. அதில் தந்தி கொஞ்சம் தளர்வாக நிற்பதால் நாதம் குண்டாக, மெத்தென்று வரும். சின்னக் கைகளுக்கும் சௌகரியம். மரம் எந்த மரம் என்பதைப் பற்றிக் கடைக்காரர் அரை மணி பேசுவார். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கெட்டியான பலகையில் செய்த மின்சார வாத்தியத்தில், தந்தியும் பிக்கப்பும் செய்யும் வித்தியாசத்துக்கு முன்னால் மரத்தின் பங்கு சின்னதுதான்.

கார்வைக்கென்று பெயரெடுத்த மூன்று வகைகளைச் சொல்கிறோம். முதலாவது, மேலே சொன்ன ஃபெண்டர் பிரிசிஷன். 1957-லிருந்து அதன் பிக்கப் இரண்டு துண்டாக, நடுவாந்தரத்தில் அமைந்தது. எந்தக் கோஷ்டியிலும் பொருந்தும். தட்டைத் தந்தி மாட்டினால் ஜேமர்சன் வழிக்கு வந்துவிடும். ஃபெண்டர் கம்பெனியாரே ஸ்குவையர் என்ற பெயரில் குறைந்த விலையிலும் இந்த வகையை விற்கிறார்கள். இரண்டாவது, 1959-ல் வந்த கிப்ஸன் ஈ.பி.-0. தண்டியை ஒட்டி ஒரு பெரிய பிக்கப், குட்டை நீளம். இருட்டு என்றால் அமாவாசை இருட்டு! மூன்றாவது, ஜெர்மனியின் ஹாஃப்னர் கம்பெனியார் 1956-ல் கொண்டுவந்த வயலின் வடிவ பேஸ். உள்ளே கூடு, எடை குறைவு, நாதம் 'தும் தும்' என்று உருண்டு உடனே அடங்கும். 1961-ல் ஹாம்பர்க் நகரத்தில், கையில் காசு அதிகம் இல்லாத ஒரு வாலிபர் சுமார் முப்பது பவுன் கொடுத்து இதில் ஒன்றை வாங்கினார். அவர்தான் பால் மக்கார்ட்னி. அந்த வாத்தியம் 1972-ல் களவுபோய், பல வருஷம் கழித்து அவரிடமே திரும்பி வந்து சேர்ந்தது. இந்தக் கூடு வாத்தியங்களில் ஒரு சங்கடம்: சத்தத்தை ரொம்ப ஏற்றினால் ஊளையிடும்.

* * *

கடைக்குப் போகிறவர்கள் பழைய வாத்தியத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதில் தட்டைத் தந்தி மாட்டிய பிறகு போவது இன்னும் உத்தமம். இரண்டையும் ஒரே ஒலிபெருக்கியில், அதன் குமிழ்களையெல்லாம் நடுவில் நிறுத்தி வாசித்துப் பார்க்கவேண்டும். கடையில் கேட்கும் கும்காரம் பல சமயம் வாத்தியத்துடையது அல்ல. மூலையில் நிற்கும் பெரிய ஒலிபெருக்கியுடையது! பருத்த தந்தியில் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி, எங்காவது இரைச்சலோ ஊமைச் சுரமோ உண்டா என்று பார்க்கவேண்டும். வாரில் மாட்டிப் பத்து நிமிஷம் நின்று பார்க்கவேண்டும். தலைப்பக்கம் கீழே சாய்கிற வாத்தியம் இடது தோளைக் கொன்றுவிடும்.

வீட்டில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியையோ கைபேசியையோ வைத்து நாதத்தைத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. 41 அதிர்வை அவை தருவதே இல்லை. மேலே உள்ள உபசுரங்களைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை நம் காதே ஊகித்துச் சேர்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட பெட்டியில் நல்ல கார்வையான வாத்தியம் சோனியாகக் கேட்கும். சோனி வாத்தியம் ஜோராகக் கேட்கும். வேறொன்று: சாதாரண கிதாருக்கான ஒலிபெருக்கியில் பேஸை மாட்டி உரக்க வாசித்தால் ஒலிபெருக்கி கிழிந்துவிடலாம். ஆகவே நாதம் மெலிவாக இருந்தால், குற்றம் வாத்தியத்திலா, பெட்டியிலா என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இருட்டு வேறு, சேறு வேறு. தனியாக அறையில் உட்கார்ந்து வாசிக்கும்போது தேவாமிர்தமாக இருக்கும் கார்வை, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் சேறாகக் குழம்பிப் போவதுண்டு. எந்தச் சுரம் வாசிக்கிறான் என்றே தெரியாது. 'உம்' என்று ஏதோ ஒன்று கேட்கும். கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு சுரத்தின் தலையும் தெரியவேண்டும். ஸ்பாஞ்சை ஒரு நூல் தளர்த்தினால், டோன் குமிழைக் கால் திருப்புத் திறந்தால், தெரியும். எனவே நாலு சிநேகிதர்களும் கூடி வாசிக்கும்போது ஒருவர் தள்ளி நின்று கேட்டுச் சொல்வதே சரியான பரீட்சை.

அம்மா, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். பழைய வாத்தியத்தின் தண்டி வளைந்திருக்கிறதா, முடுக்கிய சுருதி அரை மணிக்குள் இறங்கிவிடுகிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். அப்படியிருந்து, சரிசெய்யவும் முடியாதென்றால் வேறு வாங்கத்தான் வேண்டும். அப்போதும் ஐந்து மடங்கு அவசியமில்லை. அப்படி இல்லையென்றால் கல்லூரிப் பணத்தைத் தொடாதீர்கள். பையனுக்கு ஒரு ஜதை தட்டைத் தந்தி வாங்கிக் கொடுங்கள். அடுக்களையிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சு கொடுங்கள். "ஆறு மாதம் வாசி, அப்பா, பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்து அவன் வந்து, "அம்மா, என் பிக்கப் குதிரைக்குக் கிட்டத்தில் இருக்கிறது, நான் வாசிக்கும் பாட்டுக்குத் தண்டிப் பக்கம் உள்ளதுதான் வேண்டும்" என்று சொன்னானானால், தயங்காமல் பணத்துக்கு வழி பாருங்கள். அப்போது கேட்பது அவன் ஆசை அல்ல, அவன் காது.